பஞ்சுத் துணியும் மாஸ்டரின் கன்னமும்

அலுமினியக் குவளையின் விளிம்பில் ரேசரைத் தட்டும் 'டக், டக்' சத்தம், குழாயடியில் குடங்கள் மோதிக்கொள்ளும் இரைச்சலுக்கும் பக்கத்து வீட்டு ரேடியோவுக்கும் நடுவே தனியாகக் கேட்கும். கூடவே எலுமிச்சை வாசம் வீசும் சோப்பு நுரையின் மணம் வாசற்படி தாண்டி நான் படுத்திருக்கும் பாய் வரைக்கும் வரும். திருப்பூரில் வீரபாண்டிப் பக்கம், வரிசையாகக் கட்டிய 'லைன் வீடு' ஒன்றில் நான் கண் விழித்த காலைகளெல்லாம் அந்தச் சத்தத்தோடும் வாசத்தோடும்தான் தொடங்கின. ரேசரைத் தட்டியவரை நான் ஒருநாளும் அப்பா என்று அழைத்ததில்லை. அம்மா அவரைக் கம்பெனியில் எப்படிக் கூப்பிட்டாளோ அப்படியே நானும் 'மாஸ்டர்' என்றேன்; அதுவே பழகிவிட்டது.

எங்களுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிக்குப் பக்கம். என்னைப் பெற்ற அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது எனக்கு விவரம் தெரியாத வயது. ஊர்க்காரப் பெண் ஒருத்தி சொன்ன விலாசத்தை மட்டும் நம்பி, என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா திருப்பூர் பஸ் ஏறினாள். வந்த இடத்தில் பனியன் கம்பெனியில் சேர்ந்து, மெஷின் பழகி, டெய்லர் ஆனாள். தைத்து முடிந்த துணிகளை இஸ்திரி போடும் பகுதிக்கு அங்கே ரேசரைத் தட்டிய இவர்தான் 'அயர்ன் மாஸ்டர்'. பல்லடத்துப் பக்கம் தறி நெய்த குடும்பத்துப் பிள்ளை. முருகனைத் தவிர வேறு யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிட்டறியாத மனிதர். அவரும் அம்மாவும் ஒரு மலைக்கோவிலில் மாலை மாற்றிக்கொண்டபோது நான் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கல்யாணத்தில் எனக்குப் பிடித்தது கேசரி ஒன்றுதான்.

அவருடைய மரியாதை வேறு எனக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை "ஏட்டி, இங்க வா" என்று கூப்பிட்டால்தான் கூப்பிட்டது மாதிரி இருக்கும். இவரோ "சாப்பிட்டீங்களா கண்ணு?" என்று கேட்பார், நான் எனக்குப் பின்னால் பெரியவர்கள் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பேன். இப்படி ஒருவரைப் பார்த்துப் பயப்படுவதா, சிரிப்பதா என்று தெரியாமல் அம்மாவின் முந்தானைக்குள் போய்விடுவேன்.

வைகாசித் தேர் பார்க்கப் போன அன்றுதான் எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி விழுந்தது. தேர் நகரும் நேரம், கூட்டம் நெரித்தது. என் உயரத்துக்கு முதுகுகளும் வேட்டிகளும்தான் தெரிந்தன. அவர் குனிந்து என்னைத் தூக்கித் தோளருகே வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை சலூனுக்குப் போய்ச் சவரம் செய்துகொள்கிறவர் அவர். அன்று சனிக்கிழமை, ஒரு வாரத் தாடி. அவருடைய தாடை என் கன்னத்தில் உரசியதும் சோளத்தட்டையில் முகத்தை இழுத்ததுபோல் இருந்தது. நான் வீல் என்று அலறினேன். அம்மா கூட்டத்தில் எங்கோ பின்தங்கியிருந்தாள். பக்கத்தில் நின்ற ஒருவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது யாரு கொழந்தைங்க?" என்று கேட்டார்.

அவர் வாயைத் திறந்தார், மூடினார். நான் விடாமல் அழுதேன். இன்னும் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து என்னை வாங்கிக்கொண்ட பிறகுதான் அவர்கள் முகம் மாறியது. திரும்பி வரும்போது அவர் எங்களுக்கு ஓரடி பின்னாலேயே நடந்து வந்தார். அதற்குப் பிறகு வெகுநாள் அவர் என்னைத் தொடவில்லை. பென்சில் கொடுத்தால்கூட என் விரலில் படாமல் தரையில் வைத்து நகர்த்துவார்.

வேறு ஒருவராக இருந்தால் பிள்ளை மேல் கோபித்திருப்பார், அல்லது அம்மாவிடம் குறைப்பட்டிருப்பார். இவர் தன் முகத்தின் மேல்தான் குறை கண்டார். தைத்த துணியைச் சரிபார்க்கும் 'செக்கிங்'கில் ஒரு பீஸ் திரும்பி வந்தால் செக்கிங் பெண்ணோடு சண்டை போடக்கூடாது, பீஸைச் சரி செய்ய வேண்டும் என்பது கம்பெனியில் அவர் கடைப்பிடித்த தர்மம். குழந்தை திருப்பி அனுப்பிவிட்டது. அப்படியென்றால் முகத்தைச் சரி செய்ய வேண்டியதுதான். இனி தினமும் சவரம் என்று முடிவு கட்டினார்.

இது கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் முருகனைக் கும்பிடுகிற அந்த வீட்டில் செவ்வாய்க்கிழமை முகத்தில் பிளேடு படக்கூடாது, வெள்ளி கூடாது, கிருத்திகை கூடாது. கார்த்திகை பிறந்துவிட்டால் தைப்பூசத்துக்குப் பழனி நடந்து போய் வருகிறவரைக்கும் தாடிதான். பல்லடத்திலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நுரை பூசிய முகத்தோடு தம்பியைப் பார்த்துப் பதறிப்போனார்.

"ஏந்தம்பி, செவ்வாக்கெழமையும் அதுவுமா இதென்ன கூத்து? முருகன் என்ன நெனைப்பான்?"

"அவரொண்ணும் நெனைக்க மாட்டாருங்கக்கா. அவருக்கே தாடி கெடையாதுங்களே" என்றார் இவர், நுரைக்குள்ளிருந்து. அக்கா என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, காபித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

முதலில் வாங்கிய ரேசர் பிளாஸ்டிக் கைப்பிடி போட்டது. பேன்ஸி ஸ்டோரில் சீப்புகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. ஊதினால் பறந்துவிடும் போல அத்தனை லேசு. லேசாக இருந்ததாலேயே அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது. அழுத்தியதால் மயிர் பாதி வெட்டுப்பட்டு, தோல் பாதி சிராய்த்து, சாயங்காலத்துக்குள் கழுத்தெல்லாம் வேர்க்குருப் போல் சிவந்துவிடும். நாளெல்லாம் ஆவிக்குள் நின்று வேலை செய்கிற முகம் வேறு. வியர்வை பட்டு எரிந்தால் தோளால் துடைத்துக்கொண்டே இஸ்திரி போடுவார் என்று அம்மா சொல்வாள்.

அந்த வாரத்தில்தான் ஒரு காலை, கதவைப் பிடித்துக்கொண்டு நான் வேடிக்கை பார்ப்பதைக் கண்ணாடியில் கண்டுகொண்டார். திரும்பவில்லை. கம்பெனியிலிருந்து கொண்டுவந்த 'கட்டிங் வேஸ்ட்' பையிலிருந்து நீளமான ஒரு துணியை எடுத்தார். உள்பக்கத்தைச் சீவிப் பஞ்சு பஞ்சாக்கிய துணி. வெளிநாட்டுக் குளிருக்குத் தைப்பது. ஒரு முனையைத் தன் தோளில் போட்டு, மறுமுனையை என் பக்கம் தொங்கவிட்டார்.

"கொஞ்சம் செக்கிங் பண்ணிக் குடுங்க கண்ணு. எங்க புடிக்குதுன்னு சொன்னாப் போதும்."

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அம்மாவோடு கம்பெனிக்குப் போய் மேசைக்கடியில் உட்கார்ந்திருந்ததில் செக்கிங் பாஷை எனக்கு அத்துப்படி. நல்ல பீஸ் என்றால் 'பாஸ்', சரி செய்யக் கூடியதென்றால் 'ஆல்ட்டர்', ஒன்றுக்கும் ஆகாது என்றால் 'ரிஜெக்ட்'. எட்ட நின்றபடியே துணியின் முனையைப் பிடித்து அவர் கன்னத்தின் மேல் மெதுவாக இழுத்தேன். மயிர் மிச்சமிருந்த இடத்தில் பஞ்சு மாட்டிக்கொண்டு நின்றது. "ஆல்ட்டர்" என்றேன். அவரிடம் நான் நேராகப் பேசிய முதல் சொல் அதுவாகத்தான் இருக்கும். "சரிங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் நுரை போட்டார்.

பிறகு அதுவே எங்கள் இருவருக்கும் காலை வழக்கமாகிவிட்டது. நான் "ஆல்ட்டர்" என்பேன். அவர் மறுபடி நுரை போடுவார். கழுத்தில் தோல் தாங்காது என்று தெரிந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று என்னிடம் 'டைம்' கேட்பார். சவரம் முடிந்ததும் அந்தத் துணியிலிருந்தே ஒரு துண்டு கத்தரித்து ரேசரைத் துடைப்பார். கம்பெனியில் ஒரு மூட்டை வேஸ்ட் கிடக்கும்போது இதையே ஏன் கத்தரிக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நாளாக ஆகத் துணி குட்டையானது. நானும் அவர் பக்கம் நெருங்கி நின்று இழுக்க வேண்டியதாயிற்று. வேண்டுமென்றே செய்தீர்களா என்று பின்னாளில் பலமுறை கேட்டிருக்கிறேன். "துணி அழுக்காச்சுங்க கண்ணு, அதான்" என்பதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

அடுத்து வந்தது இரட்டை பிளேடு பதித்த, கழுத்தை ஆட்டுகிற புதுமாதிரி. கம்பெனிக்குச் சரக்கு வாங்க வந்த யாரோ ஒரு 'பையர்' விட்டுவிட்டுப் போனது என்று சூப்பர்வைசர் கொடுத்தாராம். முதல் நாள் வழவழவென்று இருந்தது. நான்கூடச் சற்று யோசித்துத்தான் "ஆல்ட்டர்" சொன்னேன். ஆனால் அவருடையது சுருட்டை மயிர். அது தோலுக்குக் கீழே வெட்டுப்பட்டு உள்ளுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து, அங்கங்கே கொப்புளம் கட்டிவிட்டது. பிறகு நடைபாதைக் கடையில் பிடித்துவந்த, சீப்புப் போல் பல் வைத்த பித்தளை ரேசர். அதற்கு மயிரென்றும் தோலென்றும் பேதமில்லை. அந்த ரேசர் இருந்தவரைக்கும் மாஸ்டர் முகத்தில் வெட்டுகளின் மேல் ஒட்டிய செய்தித்தாள் துணுக்குகளோடுதான் கம்பெனிக்குப் போனார், "என்ன மாஸ்டர், இன்னைக்கும் டேமேஜ் பீஸா?" என்று செக்கிங் பெண்கள் கேட்டுச் சிரித்ததை அம்மா வீட்டில் வந்து நடித்துக் காட்டினாள்.

அம்மாவுக்கு இந்த ரேசர் படலம் முழுக்கவே கேலிதான். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்பாள், ஒவ்வொரு ரேசரும் மூலைக்குப் போகும்போது. ஷிப்மெண்ட் நெருக்கடியில் அவள் சோற்றை டப்பாவில் அள்ளிக்கொண்டிருக்கையில் இவர் சவரத்துக்கு வெந்நீர் கேட்டால், "தாடி பத்தி எரியுதுன்னா பீடிக்கு நெருப்பு கேட்டானாம்" என்று பாட்டு விழும். ஆனாலும் வெந்நீர் வந்துவிடும். அவர் கழித்துப்போட்ட பிளேடுகளைப் பாதியாக ஒடித்து, காகிதத்தில் சுற்றி, தப்பான தையலைப் பிரிக்க அம்மா எடுத்துக்கொண்டு போவாள்.

எங்கள் வீட்டில் இன்னொரு ரேசரும் இருந்தது. என் அப்பாவுடையது. பிஸ்கட் டப்பாவில் அவர் போட்டோவோடும் ஒரு கைக்கடிகாரத்தோடும் கிடந்தது. கைப்பிடியின் அடியைத் திருகினால் தலையில் இரண்டு கதவுகள் திறக்கும். எதிர்ப்பக்கம் திருகினால் மூடிக்கொள்ளும். பிளேடு இல்லாத அந்த ரேசரைத் திறந்து மூடித் திறந்து மூடித்தான் நான் அப்பாவை நினைத்துக்கொள்வேன்; போட்டோவைத் தாண்டி அவர் முகம் எனக்கு நினைவில்லை. பித்தளை ரேசர் செய்த ரணத்தைப் பார்க்கச் சகிக்காமல் அம்மா ஒருநாள் அதை எடுத்துவந்து, "சும்மாத்தான கெடக்கு, இத வச்சுக்கோங்க" என்றாள். நான் எழுந்துபோய் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

அவர் கை நீட்டவில்லை. "அது பாப்பா பொருளுங்க" என்றார். அப்புறம் என்னிடம் திரும்பி, "ஒருக்கா கையில வெச்சுப் பாத்துட்டுக் குடுத்தர்றனுங்களா கண்ணு?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நான் தலையாட்டினேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கதவைத் திறந்து மூடினார். இரண்டு விரலில் தொங்கவிட்டுப் பார்த்தார். "நல்ல கனமுங்க" என்றார். பிறகு வேட்டி நுனியால் துடைத்து, இந்த முறை தரையில் வைக்காமல், என் கையிலேயே கொடுத்தார்.

அந்தக் கனம்தான் அவருக்கு வழி காட்டியது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். பனியன் துணியை இஸ்திரி போடும்போது கையை அழுத்தினால் துணி இழுபட்டு அளவு கெட்டுப்போகும்; இஸ்திரிப் பெட்டியின் எடையே பார்த்துக்கொள்ளும், கை வழி காட்டினால் போதும். தினமும் செய்கிற வேலை. முகத்துக்கு வந்தபோது மட்டும் மறந்துபோயிருக்கிறது. கோயமுத்தூருக்கு ஒரு காரியமாகப் போனவர், பழைய பாத்திரக் கடையைப் போலிருந்த ஒரு கடையில், பல் இல்லாமல் விளிம்பு நேராக இருக்கும், உருண்ட நீளக் கைப்பிடி போட்ட எஃகு ரேசர் ஒன்றைத் தேடிப் பிடித்தார். கன்னத்தில் வைத்து, அழுத்தாமல் கையை விட்டால் அதுவே இறங்கும். மயிர் எந்தப் பக்கம் படிந்திருக்கிறதோ அந்தப் பக்கமாக ஒருதரம், நுரையைப் புதுப்பித்துக் குறுக்கே ஒருதரம். எதிர்ப்பக்கமாக இழுப்பதே கிடையாது. சிவப்பு இல்லை, கொப்புளம் இல்லை. புது பிளேடு முதல் நாள் கொஞ்சம் முறைக்கும், மறுநாள் இணங்கிவிடும் என்பதையும் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

முகம் எங்கள் லைன் வீட்டுச் சுவருக்குப் புதுச்சுண்ணாம்பு அடித்தாற்போல் ஆகிவிட்டது. ஆனால் என்ன, பஞ்சுத் துணி அப்போதும் எங்காவது ஓரிடத்தில் பிடித்தது. மோவாய்க்குக் கீழே, அல்லது காதுக்குப் பக்கத்தில். நான் "ஆல்ட்டர்" என்றேன். அவர் "சரிங்க" என்றார். கார்த்திகை பிறந்து, பழனிக்கு மாலை போட்டும் அவர் தாடி விடவில்லை. நாங்கள் குடியிருந்த வரிசையில் அந்த வருஷம் மழித்த முகத்தோடு மாலை போட்டிருந்தவர் அவர் ஒருவர்தான். கூட நடக்கிறவர்கள் ஜாடைமாடையாகப் பேசியது அம்மா வழியாக எனக்கும் தெரியும். தலைமுறையாக வந்த வேண்டுதலை ஒரு சின்னப் பெண்ணின் 'ஆல்ட்டரு'க்காக ஒருவர் விட்டுக்கொடுக்கிறார் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. அவர் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவுமில்லை.

தைப்பூசத்துக்கு நடக்கக் கிளம்பும் நாள் காலை. அம்மாவுக்கு அன்று லீவு. வழிக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டிருந்தவள், நாங்கள் செக்கிங் செய்வதை முதல்முறையாகப் பக்கத்திலிருந்து பார்த்தாள். துணி அதற்குள் கைக்குட்டை அளவுக்குக் குறுகியிருந்தது. நான் வழக்கம்போல் இழுத்தேன், பிடித்தது. அம்மா கையிலிருந்த வாழையிலையைக் கீழே போட்டுவிட்டுத் துணியைப் பிடுங்கித் தடவிப் பார்த்தாள்.

"ஏங்க, இத்தன நாளும் இத வச்சா பாத்தீங்க? இதுல வெரல வச்சாலே ஒட்டிக்கிடுமே! இத வச்சு செக் பண்ணுனா ஒலகத்துல எந்த மூஞ்சியும் பாஸாவாது. ஒரு வழுவழுத் துணிய எடுத்திருக்கக் கூடாது? அயர்ன் மாஸ்டருக்குத் துணி தெரியல!"

அவர் துண்டால் காதோரத்து நுரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியுமுங்க" என்றார். "வழுவழுத் துணி முள்ளு மேல போட்டாலும் வழுக்கீட்டுப் போயிருமுங்க. பாப்பா கன்னம் இந்தப் பஞ்சவிட மெதுவாச்சுங்களே. இதுல பாஸானாத்தானுங்க அதுல ஆகும்."

அம்மா துணியை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்பு பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் துணியைப் பார்த்தேன். அவர் மணைப்பலகையில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்த அவர் முகமும் நின்ற என் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. நான் துணியைக் கீழே வைத்தேன். ஓரடி முன்னே போய், என் கன்னத்தை அவர் கன்னத்தின் மேல் வைத்தேன். எலுமிச்சை வாசம் அடித்தது, குளிர்ந்து இருந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் இருந்தார். கைகள் இரண்டும் முழங்கால் மேலேயே இருந்தன.

"பாஸுங்களா கண்ணு?" என்றார்.

"லேசாக் குத்துது" என்றேன்.

"அப்ப ஆல்ட்டருங்களா?" என்று நுரைக் கிண்ணத்துக்குக் கையை நீட்டினார்.

"வேண்டாம். பரவால்ல" என்றேன். கன்னத்தை எடுக்கவில்லை. அவர் கை கிண்ணத்துக்குப் போகாமல் என் முதுகுக்கு வந்தது.

அடுத்த வைகாசியில் தேர் பார்க்க அவர் தோளில் உட்கார்ந்துதான் போனேன். கடலை விற்றவர் என் கையில் பொட்டலத்தைக் கொடுத்துக்கொண்டே, "பாப்பா யாருங்க?" என்று அவரிடம் கேட்டார். போன வருஷத்துக் கேள்வி. அவர் தோள் இறுகியது எனக்குத் தெரிந்தது. அவருக்கு முந்தி நான்தான் பதில் சொன்னேன். "மாஸ்டர் பொண்ணு" என்றேன். கடலைக்காரருக்கு எந்த மாஸ்டர் என்று என்ன தெரியும்? ஆனாலும் "அப்படிங்களா" என்று தலையாட்டினார். கேட்க வேண்டியவருக்குக் கேட்டுவிட்டது.

அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். லைன் வீடுகளை இடித்து மாடி கட்டி, அறை அறையாக வடநாட்டுப் பையன்களுக்கு விட்டிருக்கிறார்கள். காலையில் குழாயடியில் இந்திப் பாட்டுக் கேட்கிறது. தினமும் மழிக்கிற முகத்தை இன்று தேடித்தான் பார்க்க வேண்டும். என் ஆபீஸில் பையன்களெல்லாம் தாடியைப் பாத்தி கட்டி வளர்க்கிறார்கள். பிளாஸ்டிக்கும் பித்தளையும் எந்த மூட்டையோடு போயினவோ. அப்பாவின் ரேசர் மட்டும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது; திருகினால் இன்னும் கதவு திறக்கிறது.

மாஸ்டருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஆபீஸ் கிளம்பும் முன் அந்த எஃகு ரேசரால் நான்தான் அவருக்குச் சவரம் செய்துவிடுகிறேன். கையை விட்டுவிடுங்க கண்ணு, அது தானா இறங்குமுங்க என்று ஒவ்வொரு நாளும் சொல்வார். ஒவ்வொரு நாளும் அன்றுதான் முதல்முறை சொல்வதுபோல் சொல்வார். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம் என்றுவிடுகிறார். முருகனுக்கு விட்ட பாக்கியை இப்போதாவது கொடுக்க வேண்டுமாம். அம்மா உள்ளேயிருந்து, "அப்பா மவ கூத்து இன்னும் முடியலயா?" என்று குரல் கொடுப்பாள்.

முடிந்ததும் துணி வேண்டும் அவருக்கு. அந்தப் பழைய பஞ்சுத் துணியின் மிச்சம் உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு இருக்கிறது. எத்தனையோ தடவை துவைத்ததில் பஞ்செல்லாம் உதிர்ந்து, வெறும் வழுவழுப்பாகிவிட்டது. முள்ளின் மேல் போட்டாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும், எதையும் பிடிப்பதில்லை. அவருக்கும் அது தெரியும். இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு, "பாஸுங்களா கண்ணு?" என்று கேட்பார்.

நான் துணியை மடித்து வைத்துவிட்டுக் குனிந்து, என் கன்னத்தை அவர் கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்:

"லேசாக் குத்துதுங்க. பரவாயில்லீங்க."